பெரணிக் கூடத்துக்கு இரண்டாவது சாட்சி

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. என் மனைவியின் அண்ணன் கொண்டுவந்து என் தலையில் கட்டியது. மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். விடுமுறையானால் தாவரவியல் பூங்காவுக்குப் போய், செடிகளை விட்டுவிட்டுத் தவளை தேடுவார்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'பனித்துளிகள் பெரணி இலைகளில் முத்துக்களாக—'

வேண்டாம். பூங்காவில் பெரணிச் செடிகளை வளர்க்கும் அந்தக் கண்ணாடிக் கூடத்தில் புழுக்கம்தான் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

2

விஷயம் இதுதான். அழிந்தே போனதாக எல்லோரும் நம்பும் ஒரு குட்டித் தவளையை* இங்கே பார்த்ததாக மச்சான் சொல்கிறார். நாளைக் காலை கூடம் முழுக்கப் பூச்சிமருந்து அடிக்கப்போகிறார்கள். அடித்தால் தவளை பிழைக்காது. பூங்காக் கண்காணிப்பாளர் அம்மாவோ மச்சானை நம்பவில்லை. (போன முறை மச்சான் அந்தம்மாவைக் கூட்டிவந்து காட்டிய அரிய பல்லி, காய்ந்த காம்பாக இருந்தது. கண்ணாடி விற்பவருக்கு இதைவிட அவமானம் உண்டா?)

"இன்னொருத்தரும் பார்த்தேன்னு சொல்லட்டும், நிறுத்திடுறேன்" என்றார்.

அந்த இன்னொருத்தர் நான்.

* பெயரை எழுத மாட்டேன். பிடித்து விற்பவர்களும் கதை படிப்பார்கள்.

3

குனிந்து குனிந்து இடுப்பு கழன்றுவிட்டது.

"மாப்ள, அசையாதீங்க! அதோ, அந்த இலைக்கு அடியில!"

"எங்க மச்சான்?"

"ஐயோ, தாவிடுச்சே!"

இலை ஆடியது. அடியில் ஏதோ பழுப்பாக—

[இங்கே எனக்குக் கை அரிக்கிறது. ஒரு சொல் போட்டால் போதும், தவளை வந்து உட்கார்ந்துவிடும்.]

"நீங்களும் பார்த்தீங்கல்ல?" மச்சானின் கண் கலங்கியிருந்தது. இதுவரை அவரைக் கோமாளியாகவே எழுதிவிட்டேனோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: 'பார்த்தேன்' என்கிறேன். மருந்து நிற்கிறது, பெரணிகளைப் பூச்சி தின்று தீர்க்கிறது.

முடிவு இரண்டு: 'இல்லை' என்கிறேன். மச்சான் அதன்பிறகு எங்கள் வீட்டுப் படியேறுவதே இல்லை.

இரண்டையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் நான் வாயைத் திறக்குமுன் அந்தம்மா கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"கதை எழுதுறேன்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

"அப்ப உங்க சாட்சி செல்லாது சார். இல்லாததைக்கூட இருக்கிற மாதிரி சொல்றதுதானே உங்க வேலை? கூட வேற யாராவது இருந்தாங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்க்கிறேன். நீங்களும்தானே எங்களோடு குனிந்துகொண்டிருந்தீர்கள்? இலை ஆடியபோது உங்கள் கண்ணும் அங்கேதானே இருந்தது? மருந்து டப்பாக்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டன.

அந்தம்மா காத்திருக்கிறார். சொல்லுங்கள், பார்த்தீர்களா?