நடுவரிசை அலமாரி

ட்ரில்லிங் மெஷின் போட்ட இரைச்சலில் பக்கத்து வீட்டின் முதல் அழுகை யார் காதிலும் விழவில்லை. ஃபிட்டர் ஒச்சாண்டி தரையில் துளையை முடித்து, சிமெண்ட் தூசியை வாயால் ஊதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருளம்மாள் குரலெடுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, பெரியவுக போயிட்டாக போலருக்கு." ஒச்சாண்டி மெஷினைக் கீழே வைத்தான்.

பவானி ஷெட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னும் எத்தனை போல்ட்டு பாக்கி?"

"நடுவரிசைக்கு நாலு."

"போட்டு முடி."

செத்தது இருளம்மாளின் புருஷன் கருத்தக்கண்ணன். பவானியின் புருஷனுக்கு உடன்பிறந்த அண்ணன். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் ஓட்டியே ஆளானவர். அப்பன் கட்டிய வீட்டை அண்ணன் தம்பி இருவரும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் வீட்டு வாசல் நேராகத் தெருவில் இறங்கும். எந்த வீட்டு நடையிலும் பிணம் வைக்கிற ஐஸ்பெட்டி திரும்பாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக முன்னால் இருந்தது இந்த ஜீப் ஷெட் ஒன்றுதான். அந்த வீட்டில் யார் செத்தாலும் ஷெட்டில்தான் கிடத்துவார்கள். மாமனாரும் மாமியாரும் அங்கிருந்துதான் சுடுகாட்டுக்குப் போனார்கள்.

பவானியின் புருஷன் முத்துராமலிங்கத்துக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் செத்த அன்று காலையில்தான் கருத்தக்கண்ணன் புது ஜீப் எடுத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தார். மத்தியானம் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், எழுந்திருக்கவில்லை. வண்டியை வெளியே எடுங்கள் என்று பவானி அவர் காலில் விழுந்து கேட்டாள். "புது வண்டி நிக்கிற எடத்துல பொணத்தைக் கெடத்தக் கூடாது," என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டுச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார் அவர். தெருவில் தார்ப்பாய் கட்டிப் போட்டார்கள். ஐப்பசி மழை சும்மா இருக்குமா? தார்ப்பாய் ஒழுகியது. அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த மகள் சுபாஸ்ரீ, அப்பன் முகம் தெரியவேண்டும் என்று பெட்டிக் கண்ணாடியைப் பாவாடையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க நனைந்தது. ஜீப்பு உள்ளே மாலையும் கழுத்துமாக நனையாமல் நின்றது.

அடித்தவனுக்கு அது அன்றோடு மறந்துவிடும், அடிபட்டவளுக்கு எப்படி மறக்கும்? உத்தமபாளையம் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து ஷெட்டைத் தன் பங்குக்கு வாங்கினாள் பவானி. வாங்கி என்ன செய்தாள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. ஒரு பழைய ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவள் எதற்குக் காத்திருந்தாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும்.

கருத்தக்கண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய அன்றே ஒச்சாண்டியை வரச்சொன்னாள். சுவரில் தொங்குகிற மாதிரி அலமாரி அடித்தால் தரை மிச்சமாகும், நாளைக்கு மருமகன் கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று அவன் யோசனை சொன்னான். அதெல்லாம் வேண்டாம், தரையில் நிற்கிற அலமாரிதான் வேண்டும் என்றாள். இரண்டு பக்கச் சுவரை ஒட்டி இரண்டு வரிசை, நடுவில் ஒரு வரிசை. நடுவில் எதற்கு என்று கேட்டதற்கு, "ஒரு ஆளு நீட்டிப் படுக்க எடம் இருக்கக்கூடாது," என்றாள். அவன் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தான். ஜீப் கழுவின தண்ணீர் வழிய வேண்டும் என்று தெருவைப் பார்த்துச் சரிவாகப் போட்ட தரை அது. ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு காலாக ஏற்றி இறக்கி, நகராதபடி போல்ட் முடுக்கிக்கொண்டு வந்தான். அலமாரிக்குள் வைக்க அவளிடம் ஒரு சாமானும் கிடையாது.

கடைசி போல்ட்டும் இறங்கியது. பவானி பிளாஸ்டிக் சேரை ஷெட் வாசலில் போட்டு உட்கார்ந்தாள். நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. புது அலமாரி நிக்கிற எடத்துல பொணத்தைக் கெடத்தக் கூடாது. அவ்வளவுதான். யாராவது வந்து கேட்க வேண்டும். இருளம்மாளே வந்தால் இன்னும் நல்லது.

தெரு நிறைந்தது. ஐஸ்பெட்டி வண்டி வந்து நின்றது. நாலு பேர் பெட்டியை இறக்கினார்கள். அவர்கள் ஷெட் பக்கம் திரும்புவார்கள் என்று பவானி முதுகை நிமிர்த்தினாள். அவர்கள் திரும்பவில்லை. நேராகக் கொண்டுபோய்த் தெருவில் வைத்துவிட்டு, எதிர்வீட்டிலிருந்து வயர் இழுத்தார்கள். பங்காளிகளில் மூத்தவரான தவசி மட்டும் அவளை நோக்கி வந்தார். பவானி எழுந்து நின்றாள்.

"தாயி, பந்தக்காலு ஊண்டணும். சேரைச் செத்தத் தள்ளிப் போட்டுக்க," என்றார் தவசி.

வெண்ணெய் திரண்டு வருகையில் தாழி உடைந்தால் எப்படி இருக்கும்? அப்படி நின்றாள். பிறகு மானத்தை விட்டு அவளே கேட்டாள்.

"ஏன் மாமா, தெருவுல போட்டிருக்கு?"

தவசி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவன் சொல்லிட்டுத்தேன் போயிருக்கான். எந்தம்பி கெடந்த எடத்துலயே என்னையும் போடுங்க, அப்பத்தேன் அவன் மொகத்துல முழிக்க முடியும்னு. பவானிகிட்டப் போயி ஷெட்டைக் கேக்கக் கூடாதுன்னும் சத்தியம் வாங்கிட்டானாம்."

அதற்குள் பெண்கள் கூட்டத்திலும் அந்தப் பேச்சு பரவிவிட்டது. என்ன இருந்தாலும் பெரிய மனுசன், தம்பிக்குச் செய்த பாவத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார் என்று ஆளாளுக்கு உருகினார்கள். வாழ்நாளெல்லாம் அவரைக் கரித்துக்கொட்டிய வாய்கள்தான் அவை. ஒருத்தி பவானியைப் பார்த்து, உன் வயிற்றெரிச்சல் இனி அடங்கும் என்று தலையை ஆட்டினாள்.

பவானி சேரை இழுத்துச் சுவரோரம் தள்ளினாள். துடைத்துவிட்டுப் போக அது என்ன பள்ளிக்கூடத்துக் கரும்பலகையா? அவள் புருஷன் கேட்டா தெருவில் கிடந்தான்? இவர் ஆசைப்பட்டுக் கிடக்கிறார். வெயில் காலத்தில், புதுப் பந்தலுக்குக் கீழே, பத்துப் பேர் மெச்ச. தண்டனையைத் தானே எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டு மேலே போய்த் தம்பி தோளில் கை போட்டுவிடுவாரா? செத்தும் ஜெயித்துவிட்டாரே என்று பல்லைக் கடித்தாள்.

பகையாளி குடியை உறவாடிக் கெடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

ஷெட்டுக்குள் போனாள். ஒச்சாண்டி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நடுவரிசையைக் கழத்து," என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஸ்பேனரை எடுத்தான். அலமாரிகள் ஒவ்வொன்றாகக் கொல்லைப்பக்கம் போயின. தரையில் துருத்திக்கொண்டு நின்ற போல்ட்டுகளைக் கட்டிங் மெஷின் வைத்து அறுத்தான். தீப்பொறி தெறித்ததைப் பார்த்துத் தெருவில் அழுகை கொஞ்சம் நின்றுகூடப் போனது.

பவானி தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தவசியிடம் சொன்னாள்.

"எங்க பெரிய மச்சானைத் தெருவுல கெடத்துறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்? உள்ள எடம் பண்ணிட்டேன். தூக்கிட்டு வாங்க மாமா."

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. செத்தவன் வார்த்தை இருக்கிறதே என்று ஒருவர் இழுத்ததற்கு, வீட்டுப் பொம்பளையே மனசிறங்கி வந்து கூப்பிடும்போது பிறகென்ன என்று தவசியே அடக்கினார். ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

பெட்டியின் தலைமாட்டில் கிடந்த இருளம்மாள்தான் எழுந்து ஓடிவந்தாள். பவானியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை விட்டுக் காலுக்குக் குனிந்தாள்.

"வேணாம் பவானி. அவுக ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதேன். ராவெல்லாம் அதைத்தேன் சொன்னாக. தெருவுலயே கெடக்கட்டும், விட்டுரு."

பவானி அவளைத் தூக்கி நிறுத்தினாள். பார்க்கிறவர்களுக்கு ஓரகத்தியைக் கட்டிக்கொண்டு அழுகிற மாதிரி இருந்தது. காதோரம் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"அதுக்குத்தேன்க்கா உள்ள தூக்கச் சொல்றேன்."

இருளம்மாள் விலகி அவளைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். யாரிடம் போய் என்ன சொல்ல முடியும்? இவள் இடம் கொடுக்கிறாள், அதுதான் கொடுமை என்றா? பெட்டி அவளைத் தாண்டிப் போனது. பின்னாலேயே நடந்தாள்.

தெற்கே தலை வைத்து, இரண்டு பக்க அலமாரிக்கும் நடுவில் பெட்டியை இறக்கினார்கள். பவானி தன் வீட்டிலிருந்தே வயர் இழுத்துக் கொடுத்தாள். டேபிள் ஃபேனை எடுத்துவந்து இருளம்மாளுக்குக் காற்று படும்படி வைத்தாள். ஊதுபத்தி கொளுத்தினாள். எது குறைந்தாலும் பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்திருந்த சுபாஸ்ரீ மத்தியானம்தான் வந்து சேர்ந்தாள். தெருமுனையிலேயே யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

"எனக்கெல்லாம் இந்த மனசு வராதும்மா. அப்பா இருந்திருந்தா ஒன்னைய நெனச்சு சந்தோசப்பட்டிருப்பாக."

பவானி மகளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மகளின் தோளுக்கு மேலே இருளம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேனில் காப்பி கொண்டுவந்தவன் முதல் கப்பை பவானியிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். சீனி தூக்கலாக இருந்தது. அலமாரியில் சாய்ந்து நின்று அவசரமில்லாமல் முழுவதையும் குடித்தாள்.