கூரைக்கு ஒரு டப்பா மஞ்சள்

அக்டோபர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மூடிக்கிடக்கும் செங்கல் சூளைக்குப் பின்னால் உள்ள நானூறு மீட்டர் மண் பாதையில் தண்ணீர் லாரி மூன்று சுற்று வந்து தண்ணீர் தெளித்தது. அது சீசனின் கடைசிப் பந்தயம், சனி, ஞாயிறு இரண்டு நாள். இருபது கார்கள் பதிவாகியிருந்தன.

அதில் ஒன்று லிஃப்ட் மெக்கானிக்குடையது. பதினெட்டு வயதான நான்கு கதவுக் கார். கதவுகளை வெல்டிங் வைத்து அடைத்து, கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருந்தார். ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். நாற்பத்தாறு வயதில், அந்தத் தொப்பையோடு, அவர் அன்று செய்யும் மிகக் கடினமான காரியம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் பந்தயத்தில் ஓட்டுநரின் தகுதி காரின் கூரையில் எழுதியிருக்கும். புதியவருக்கு வெள்ளை. ஒரு சீசனில் பன்னிரண்டு புள்ளி எடுத்தால் மஞ்சள். அதற்கும் மேலே நீலம், சிவப்பு. வெள்ளைக் கூரைகள் முன்வரிசையில் நின்று கிளம்பும், சிவப்புகள் கடைசியில். திறமை உள்ளவன் பின்னாலிருந்து வந்து காட்டட்டும் என்பது ஏற்பாடு. லிஃப்ட் மெக்கானிக் ஆறு வருடமாக வெள்ளை. நேற்று வந்தவர்கள் எல்லாம் நிறம் மாறிப் பின்வரிசைக்குப் போக, அவர் மட்டும் முன்வரிசையிலேயே பழம் தின்று கொட்டை போட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க ஊரையே மேல்மாடிக்கு ஏற்றிவிடுகிறவருக்கு இந்த ஒரு படி மட்டும் ஏறவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய மைத்துனன் போன வருடம்தான் சேர்ந்தான். இப்போது நீலம்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்காதவர் அவர் மனைவி. மனைவி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் கார் ஆறு வருடமாக மழையில் நின்றது. எங்கேயும் போகாத கார் ஷெட்டில் தூங்கியது. ஜனவரியில், தன் தம்பியான அந்த மைத்துனனையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்த சீசன்ல மஞ்சள் வாங்குங்க, நான் வாயே திறக்கலை. வாங்கலைன்னா வண்டியை வித்துட்டு ஷெட்டை எனக்கு விடுங்க."

"வாங்கிக் காட்டறேன்," என்று லிஃப்ட் மெக்கானிக் சாப்பாட்டு மேஜையைத் தட்டிச் சொன்னார். அக்டோபர் வரை தட்டியதில் ஆறு புள்ளி தேறியிருந்தது.

சனிக்கிழமை மூன்று பந்தயம். முதலாவதில் கார் கிளம்பவே இல்லை. இரண்டாவதில் கிளம்பியது, ஆனால் திருப்பத்தில் திரும்பவில்லை, டயர் சுவரில் போய் உட்கார்ந்தது. மூன்றாவதில் முன்னால் போன ஏழு கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிந்தன. லிஃப்ட் மெக்கானிக் அவற்றுக்கு வெகு பின்னால் இருந்ததால், நிதானமாக யோசித்து, விலகிப் போக நேரம் கிடைத்தது. ஆறாவது இடம். ஐந்து புள்ளி.

"பாத்தியா, எப்படி வளைச்சு எடுத்தேன்?" என்றார் மனைவியிடம்.

"பாத்தேன். அவங்க எல்லாம் சேர்ந்து உங்களுக்கு வழி விட்டாங்க."

எப்படியானாலும் பதினொன்று. இன்னும் ஒரே ஒரு புள்ளி. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் பந்தயத்தில் பத்தாவதாக வந்தால் போதும். முன்வரிசையில் நின்று கிளம்பி, பின்னால் இருப்பவர்களில் பத்துப் பேருக்கு மட்டும் வழிவிடாமல் இருந்தால் காரியம் முடிந்தது. ஒரு மனிதனிடம் வாழ்க்கை இதைவிடக் குறைவாகக் கேட்டுவிட முடியாது.

அன்று சாயங்காலம் அவர் கடைக்குப் போய் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டும் ஒரு உருளைப் பிரஷ்ஷும் வாங்கி வந்தார்.

"புள்ளி வாங்கின பிறகு அடிக்கக் கூடாதா?" என்று மனைவி ஷெட் வாசலில் நின்று கேட்டார்.

"பரிசளிப்பு நாலரைக்கு. ஃபோட்டோக்காரர் அஞ்சு மணிக்குப் போயிடுவார். அதுக்குள்ள அடிச்சுக் காய வைக்க முடியுமா? இதெல்லாம் முன்கூட்டியே திட்டம் போடணும்."

"ஆறு வருஷமா போட்டீங்களே, அது மாதிரியா?"

அவர் கூரையை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை, லிஃப்ட் கம்பிக்கு எண்ணெய் பூசும் அதே கவனத்தோடு, மஞ்சளாக்கினார். எட்டு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருந்தது. டப்பாவில் போட்டவர்கள் அன்றைய ஈரக்காற்றைக் கேட்டுக்கொண்டு போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் காரை முன்வரிசைக்கு ஓட்டிவந்து நிறுத்தினார். பாதையில் பறந்த செம்மண் தூசு முழுவதும் ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு, கூரை வறுத்த பொடி கொட்டிய தட்டு மாதிரி இருந்தது. தலைமை நடுவர் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை முத்திரை என்றுதான் கூப்பிட்டார்கள்.

"இது என்ன நிறம்?"

"மண்ணுங்க சார். அடியில வெள்ளை."

முத்திரை சுட்டுவிரலால் கூரையில் ஒரு கோடு இழுத்தார். விரலைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள்.

"அடியில வெள்ளை, நடுவுல மஞ்சள், மேல மண்ணு. பின்னாடி போங்க. மஞ்சள் வரிசைக்குக் கடைசியில."

"சார், நான் இன்னும் மஞ்சளே ஆகலை! புத்தகத்தைப் பாருங்க. பதினொண்ணுதான் இருக்கு."

"புத்தகத்தைத்தான் பாக்கறேன்." முத்திரை பலகையில் இரண்டு தாளைப் புரட்டினார். "விதி பதினேழு. கிளம்பும் கோட்டில் நிற்கும்போது கூரையில் என்ன நிறமோ, அதுவே அந்த நாளின் நிறம். வேறு விளக்கம் ஏற்கப்படாது. யார் கொண்டுவந்த விதின்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இரண்டு வருடம் முன்பு, நீலக் கூரைக்காரன் ஒருவன் வெள்ளை அடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து ஏமாற்றிய பிறகு, சங்கக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசி இந்த விதியை நிறைவேற்ற வைத்தவர் லிஃப்ட் மெக்கானிக்தான். "வேறு விளக்கம் ஏற்கப்படாது" என்ற வரி அவருடைய சொந்தக் கைவண்ணம். அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

ஆக, முன்வரிசையில் நின்றவர் பதினான்காவது இடத்துக்குப் போனார். அவருக்குப் பின்னால் நான்கு நீலமும் இரண்டு சிவப்பும். பதினைந்து சுற்று.

உண்மையைச் சொன்னால், அன்று அவர் நன்றாகவே ஓட்டினார். கோபம் அவருக்கு ஒத்துப்போனது. இரண்டு சிவப்புகளும் மூன்று நீலங்களும் முதல் நான்கு சுற்றுக்குள் அவரைத் தாண்டிப் போயின. ஆனால் முன்னால் இருந்த வெள்ளைகள் தங்கள் வழக்கப்படி டயர் சுவரில் மோதியும் வழியிலேயே நின்றும் போயின. மிச்சம் இருந்தவற்றில் இரண்டு மஞ்சள்களை அவர் உள்பக்கமாக வந்து முந்தினார். வேலியோரம் நின்ற மனைவி, தன்னை மறந்து, கைப்பையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றில் லிஃப்ட் மெக்கானிக் பத்தாவது இடத்தில் இருந்தார்.

கடைசித் திருப்பத்தில் ஒரு நீலக் கூரை பின்னாலிருந்து வந்து, அவர் காரின் பின்மூலையில் லேசாக ஒரு இடி கொடுத்தது. கார் அரைவட்டம் சுற்றியது. அவர் திருப்பி எடுத்து கோட்டைத் தாண்டியபோது பதினொன்றாவது இடம்.

அந்த நீலக் கூரை மைத்துனனுடையது. கடையைப் பூட்டிவிட்டு நேராகக் கோட்டுக்கு வந்தவன், மூன்றாவது சுற்றில் சுழன்று பின்தங்கியிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஐயோ மாமா, நீங்களா அது? சத்தியமா தெரியலை. கதவு நம்பர் முழுக்க சேறு. கூரை வேற பழுப்பா இருந்துச்சா, எவனோ புது ஆளுன்னு நினைச்சேன்."

"நான்தான்னு தெரிஞ்சிருந்தா?"

"விட்டுட்டுத்தானே போயிருப்பேன்? உங்க வெள்ளைக் கூரையைத்தான் மாமா பதினைஞ்சு சுத்தும் தேடிட்டே வந்தேன். கண்ல படவே இல்லை."

லிஃப்ட் மெக்கானிக் ஜன்னல் வழியாக இறங்க முயன்றார். முடியவில்லை. மைத்துனன் கைகொடுத்து இழுத்தான். மனைவி அருகில் வந்து, கூரையில் முத்திரையின் விரல் போட்ட கோட்டைப் பார்த்தார். பந்தயத்தில் சேர்ந்த ஆறு வருடத்தில் அவர் எதுவும் சொல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமை அது.

நவம்பர் நான்காம் தேதி அந்தக் கார் ஒரு பேக்கரிக்காரருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் புதியவர் என்பதால் கூரை வெள்ளையாக இருக்க வேண்டியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கே அடித்துக் கொடுத்தார். மஞ்சள் மறைய மூன்று பூச்சு ஆனது.