எமில்டாவின் ஞாயிற்றுக்கிழமை

கனடாவில், ரெக்ஸ்டேல் பேக்கரியில் ஆறு நாளும் நின்றபடி வேலை செய்கிறவளுக்கு ஏழாம் நாள் எதற்கு? படுப்பதற்குத்தான். எமில்டாவுக்கு இது தெரியும், அவளுடைய கால்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் பேக்கரிக் குலுக்கலில் அவள் பெயரல்லவா விழுந்து தொலைத்தது! வழிகாட்டியோடு ஒருநாள் மீன்பிடிப்பதுதான் பரிசு. வேறு ஆளுக்கு மாற்ற முடியாதாம்.

கணவன் இக்னேசியஸ் பூரித்துப்போனான். செபக்கூட்டத்து ஆட்கள் எட்டுப் பேரை அன்றிரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் விட்டான். "என்ரை மனிசி பிடிச்ச மீன்" என்று சொல்லிப் பரிமாற ஆசை. வெட்டுவது, பொரிப்பது, சட்டி தேய்ப்பது எல்லாம் யாரென்று யோசிக்க அவனுக்கென்ன தலைவிதி? சனி மாலையே ஞாயிறுப் பூசையைக் கண்டு முடித்து, ஞாயிறு விடிய அவளை மிசிசாகாவில் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டுப் போனான்.

வழிகாட்டி றொபேட் தாடி வைத்த வெள்ளைக்காரர், நல்ல மனிதர். நெஞ்சு வரைக்கும் வருகிற ரப்பர் காற்சட்டையை அவளுக்கு மாட்டி, கையைப் பிடித்து ஒக்டோபர் ஆற்றுக்குள் இறக்கினார். தூண்டிலில் புழு இல்லை, மீன்முட்டை மாதிரி நூலில் கட்டிய ஒரு செம்மஞ்சள் உருண்டை. ஏரியிலிருந்து ஏறிவரும் ஸ்டீல்ஹெட் மீன் அதைக் கவ்வுமாம். எறி, மிதக்கவிடு, இழு, மறுபடி எறி. இங்கேயும் நின்றுகொண்டே வேலை. எமில்டாவுக்கு அழுகை வந்தது.

மதியம் தாண்டித்தான் கவ்வியது. தடி வளைந்தது, நூல் கிறீச்சிட்டு ஓடியது, மீன் தண்ணீருக்கு மேலே துள்ளிப் பாய்ந்தது. அவளுடைய நித்திரை எங்கே போனதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள், உண்மையாகவே. றொபேட் வலையில் ஏந்தினார். வெள்ளி உடம்பு, கன்னத்தில் இளஞ்சிவப்பு.

விடுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று கேட்டார். இரண்டுக்கும் சட்டத்தில் இடமிருந்தது.

எமில்டா மீனைப் பார்த்தாள். செதில் தெரிந்தது, அடுப்படி தெரிந்தது, கழுவக் கிடக்கும் கோப்பைகள் தெரிந்தன. திங்கள் விடியமுன் அடிக்கப்போகும் மணிக்கூடும் தெரிந்தது.

"லெற் கோ," என்றாள்.

றொபேட் நெகிழ்ந்துபோனார். இதுவல்லவோ பெரிய மனசு என்றார். மனசுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை என்று சொல்ல அவளிடம் ஆங்கிலம் போதவில்லை.

பின்னேரம் இக்னேசியஸ் காரோடு வந்தான். "வெறுங்கையோ? பறவாயில்லை. உமக்கு எங்கை பிடிபடப்போகுது எண்டு கடையிலை விளைமீன் வாங்கி வைச்சிருக்கிறன். முழுசாக் கிடக்கு, வெட்டினால் சரி."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பிடிச்சனான். பெரிசு. விட்டிட்டன்."

"விசரோ உமக்கு? ஏன்?"

"கொண்டுவந்தால் ஆர் வெட்டுறது? விளைமீனும் நான் வெட்டமாட்டன். எனக்கு ஏலாது, இஞ்சாருங்கோ. இனி ஏலாது."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. இக்னேசியஸ் காரை எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். அடுப்படியிலிருந்து அவன் செபக்கூட்டத்து அக்கா ஒருவரோடு தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"ஓம் அக்கா, எமில்டாவுக்கு ஏலாதாம். இல்லையில்லை, வாங்கோ, நான்தான் சமைக்கிறன். செதிலை வாலிலையிருந்தோ தலையிலையிருந்தோ சுரண்டுறது?"

எமில்டாவுக்கு விடை தெரியும். சொல்லவில்லை. அவன் அடுத்த கேள்வியைக் கேட்கும்போது அவள் நித்திரையாகிவிட்டாள்.