வேலாத்தாளின் விரல்

பல்லடம் ரோட்டிலிருந்த அந்த எலும்பு ஆஸ்பத்திரியில் கன்னையனுக்கு இருட்டறை வேலை. எக்ஸ்ரே பிலிமைக் கழுவிக் காயப்போடுவான். அவனுக்குப் பிறகு சேர்ந்த லிங்கசாமி ஸ்கிரீனிங் மெஷினில் உட்கார்ந்தான். கன்னையனுக்குச் சோறு இறங்காமல் போக அது ஒன்று போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின் ஊசி விரலில் பாய்ந்து உள்ளேயே முறிந்துபோவது வாரம் தவறாமல் நடந்தது. ஸ்கிரீனிங் மெஷின்மேல் கையை வைத்துப் பெடலை மிதித்தால் எக்ஸ்ரே பாய்ந்து திரையில் எலும்பும் ஊசியும் நிழலாகத் தெரியும். ஊசி நிற்கும் இடத்தில் தோல்மேல் மையால் புள்ளி வைக்க வேண்டும். டாக்டர் அங்கே கீறி எடுப்பார். லிங்கசாமி வெறும் விரலால் தடவிப் பார்த்து, ஒரு மிதி மிதிப்பான், புள்ளி வைப்பான், காலை எடுத்துவிடுவான். "லிங்கசாமி இருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் முதலாளிமார்களே ஆளைக் கூட்டி வருவார்கள். எதிரே நிற்கும் கன்னையனிடம், "அவரக் கூப்புடு தம்பி" என்பார்கள்.

ஊரார் புகழ்வதைக்கூட விழுங்கிக்கொண்டான். வீட்டிலும் அதே பேச்சு. அவன் மனைவி வேலாத்தாள் ஓவர்லாக் டெய்லர்.

"லிங்கசாமியண்ணன் கை பட்டா வலியே தெரியறதில்லீங்களாமா. எங்க கம்பெனில அத்தன பேரும் சொல்றாங்க."

"ஓகோ, கை பட்டாவா?"

"ஏனுங்க, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கறீங்க?"

ஒரு மத்தியானம் வேலாத்தாளையே கூட்டிவந்தார்கள். வலது ஆள்காட்டி விரலில் ஊசி முறிந்திருந்தது. டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். புள்ளி வைத்து வைக்கச் சொல்லிவிட்டார். லிங்கசாமி சாப்பிடப் போயிருந்தான்.

"அண்ணன் வரட்டுங்க" என்றாள் வேலாத்தாள். "செத்த நேரந்தானுங்க. நான் பொறுத்துக்கறேன்."

கூட வந்த மேஸ்திரி பழனிமுத்து சிரித்துவிட்டான். "ஊட்டுக்காரர நம்பி வெரல நீட்ட மாட்டேங்குது பாருங்க!"

"உள்ள வா" என்றான் கன்னையன்.

கதவைச் சாத்தி ஜன்னல் துணியை இழுத்துவிட்டான். ஆணியில் தொங்கிய ஈயக் கையுறைகளைத் தன் கையில் மாட்டிக்கொண்டான். அவள் கை வெறுங்கையாக மெஷின்மேல் கிடந்தது. பெடலை மிதித்தான். ஊசி, எலும்பின் நிழலோடு ஒட்டிக்கொண்டு பிடி கொடுக்கவில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தடித்த உறைக்குள் இருந்த கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. புள்ளி வைத்தான், தப்பு. அழித்துவிட்டு மறுபடி மிதித்தான். குறித்த நேரமானதும் மெஷின் தானாக அணைந்தது. அணைந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் நேரம் வைக்கும் குமிழைத் திருகி மீண்டும் ஓடவிட்டான்.

விரலை நேராக ஒரு பிலிம், பக்கவாட்டில் ஒரு பிலிம் எடுத்திருந்தால் ஊசி நின்ற இடம் தெரிந்திருக்கும். பிலிம் கழுவுவது அவன் தினமும் பார்க்கிற வேலை. அதனாலேயே அப்போது அது அவனுக்குக் கேவலமாகப் பட்டது.

"போதுமுங்க. அண்ணன் வந்திருப்பாருங்க."

"வாய மூடிட்டு இரு."

கடைசியில் ஊசி அகப்பட்டது. டாக்டர் கீறி எடுத்துவிட்டு, "பரவால்லயே கன்னையா" என்றார். வாசலில் வெற்றிலை மென்றபடி நின்ற லிங்கசாமியும், "அட, நீயே பாத்துட்டியாப்பா" என்றான். அன்றைக்குக் கன்னையன் வயிறாரச் சாப்பிட்டான்.

கீறின புண் ஆறியது. அதற்குப் பிறகுதான் விரல் சிவந்தது. கொப்புளம் கண்டு தோல் உரிந்தது. பக்கத்து விரலும் கருத்தது. ஊசியிலிருந்த துரு என்றார் டாக்டர். கன்னையன் தலையாட்டினான். துரு இல்லை என்று அவனுக்குத் தெரியும். பழைய மெஷின், அதிக நேரம் ஓடினால் எக்ஸ்ரே சுட்டுவிடும் என்று சொல்லித்தான் அந்த உறைகளையே கொடுத்திருந்தார்கள். சொன்னால் லிங்கசாமிக்கும் தெரிந்துவிடும். கோயமுத்தூருக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவள் கேட்டபோதெல்லாம், "மருந்து புடிக்கட்டும்" என்றான்.

ஒரு காலையில் அவளாகவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். கன்னையன் ஈரக்கையோடு இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது, லிங்கசாமி அவள் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது துரு இல்ல அம்மிணி. மெஷின் சுட்டது. இன்னைக்கே கோயமுத்தூரு போயிருங்க. எவ்வளவு நேரம் ஓட்டுனதுன்னு அங்க சொல்லோணும். அது தெரியாட்டி சீழுக்கே மருந்து குடுத்துட்டிருப்பாங்க. வெரல் தங்காதுன்னுதான் தோணுது. கையவாச்சும் காப்பாத்தோணும்." நிமிர்ந்து கன்னையனைப் பார்த்தான். "எவ்வளவு நேரம்ப்பா ஓட்டுன?"

"சொல்லுங்க" என்றாள் வேலாத்தாள்.

கன்னையன் கண் அவள் கையிலேயே நின்றது. அது இன்னும் அந்த உள்ளங்கையில்தான் கிடந்தது.

"மொதல்ல அவ கைய உடுறா."

லிங்கசாமி விட்டுவிட்டான். வேலாத்தாள் கையை மறுபடி அவன் முன்னால் நீட்டினாள்.

"நீங்க சோறுண்டுட்டு வர்ற வரைக்கும் ஓட்டுனாருங்கண்ணா" என்றாள். "கோயமுத்தூருக்கு நீங்களே வந்து சொல்லுங்க. இவரு அங்கயும் சொல்ல மாட்டாரு."