வரிசை எண் நான்கு: மேற்படி

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒரு அரசாணையிலிருந்து திருடினேன். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இதைவிடப் பெரிய திருட்டு ஒன்றைப் பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2017 டிசம்பரில், இறந்துபோன அண்ணனின் வீட்டு வரியை என் பெயருக்கு மாற்றப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறங்கும் சாலையில் கிளை பிரிகிற சிறிய ஊர். உண்மைப் பெயர் வேண்டாம், சோலைமட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேசைக்கு அந்தப் பக்கம் இளநிலை உதவியாளர் கனகமணி என் மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகீழாக ஒரு தாள் கிடந்தது. தலைகீழாகக் கிடப்பதைப் படிப்பது என் கெட்ட பழக்கம். பழைய கட்டடங்களைக் காப்பாற்ற உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் மானியம் பற்றிய அரசாணை அது. இணைப்பில் ஒரு பட்டியல் இருந்தது, அதில் நான்காவது வரிசை:

4. திருமதி கனகமணி, பொறுப்பாளர். உள்ளே சென்றார், திரும்பவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் எதிரேதான் உட்கார்ந்து ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், இது நீங்களா?"

"நானேதானுங்க சார்," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "மலையைப் பனி மெல்ல மூடிக்கொண்டி

(நிறுத்திவிட்டேன். நீலகிரியைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் முதல் வரியிலேயே பனி இறங்கிவிடுகிறது. இங்கே குடியிருப்பவர்களுக்கு அது துணி காயாத தொல்லை, அவ்வளவுதான்.)

தொடக்கம் இரண்டு: "1961 ஜனவரி 19 காலை ஹெர்பர்ட் மழைபங்களாவுக்குள் போனபோது

(இப்படித் தொடங்கினால் இது ஹெர்பர்ட்டின் கதையாகிவிடும். அவருக்கு ஏற்கெனவே முடிவு இருக்கிறது. முடிவில்லாமல் நிற்பது கனகமணிதான்.)

தொடக்கம் மூன்று: கனகமணிக்கு நாற்பத்தாறு வயது. கோபி பக்கம் பிறந்து, கல்யாணமாகி மலையேறியவள். கணவன் மாரப்பன் பஸ் நிறுத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். பதினெட்டு வருட வேலையில் ஒரு கோப்பைக்கூடத் தொலைத்ததில்லை.

இது சுமாராக இருக்கிறது. (நேரில் 'அவர்', கதையில் 'அவள்'. கதைக்குள் வந்ததுமே ஆளுக்கு மரியாதை குறைந்துவிடுகிறது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை.)

3

மழைபங்களா என்பது ஊர் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் கல்லால் கட்டிய இரண்டறை வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் மழையை அளப்பதற்காகக் கட்டியது. முற்றத்தில் மழைமானி, உள்ளே மேசையும் பதிவேடும். பொறுப்பாளர் தினம் காலையில் மழைமானியைப் பார்த்து, உள்ளே போய் அளவை எழுதிவிட்டு வெளியே வருவார். கதவு ஒன்றே ஒன்று. சன்னல்களில் கம்பி.

ஹெர்பர்ட் அங்கே பன்னிரண்டு வருடம் பொறுப்பாளராக இருந்தவர். அன்று காலை அவர் உள்ளே போனதை, எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்த பத்துப் பேர் பார்த்தார்கள். வெளியே வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. மதியம் போய்ப் பார்த்தால் அறை காலி. பதிவேட்டில் 'மழை இல்லை' என்று எழுதியிருந்ததாம், மை காயவில்லையாம். போலீஸ் வந்தது, தேடியது, டீ குடித்துவிட்டுப் போனது. என்ன எழுதுவதென்று தெரியாத அந்தக் காலத்துக் குமாஸ்தா ஒருவர், கோப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதிவைத்தார்: உள்ளே சென்றார், திரும்பவில்லை. பிறகு பூட்டிவிட்டார்கள். (நல்ல எழுத்தாளர். எங்கேயாவது வேறெதுவும் எழுதியிருந்தால் தேடிப் படித்திருப்பேன்.)

ஐம்பத்தாறு வருடம் கழித்து மானியப் படிவம் வந்தது. அதில், கட்டடத்தின் பொறுப்பாளர்கள், பணிக்காலம், தற்போதைய நிலை என்று கட்டங்கள் இருந்தன. தற்போதைய பொறுப்பாளர் யாருமில்லை என்றால் விண்ணப்பமே செல்லாது.

"ஏம்மா, உம் பேரையே போட்ரு," என்றார் செயல் அலுவலர் லிங்கசாமி. "பூட்டிக் கெடக்கற ஊட்டுக்குப் பொறுப்பு பாக்கறதுல என்னம்மா கஷ்டம்?"

கனகமணி நிரப்பினாள். முதல் வரிசையில் ஒரு துரை: காலமானார். இரண்டாவது வரிசையில் இன்னொரு துரை: மேற்படி. மூன்றாவது வரிசையில் ஹெர்பர்ட், பழைய கோப்பில் இருந்தபடியே. நான்காவது வரிசையில் அவளுடைய பெயர். பதினெட்டு வருடமாகப் பட்டியல் எழுதிய கை கட்டத்தின் அடிக்கு வந்ததும் தானாக எழுதியது: மேற்படி.

பணியில் உள்ளார் என்று எழுதியிருக்க வேண்டும். எத்தனை ஆயிரம் 'மேற்படி' போட்ட கை, பாவம்.

4

அது அப்படியே போயிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சென்னையில் அரசாணையைத் தட்டச்சு செய்தவர் கெட்டிக்காரர். இணைப்பில் 'மேற்படி' இருக்கக்கூடாது, விரித்து எழுத வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கமாம். விரித்து எழுதினார்.

கனகமணி திருத்தம் கேட்டு மனு அனுப்பினாள். மூன்றாம் வாரம் பதில் வந்தது. 'ஆவணப்படி மனுதாரர் திரும்பாதவர். திரும்பியதற்கான சான்று இணைக்கப்படாததால் மனுவைப் பரிசீலிக்க இயலவில்லை.'

அதை மாரப்பனிடம் காட்டினாள். அவன் பருப்பு நிறுத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தான். "பேப்பர்ல எழுதுனா நடந்துருமா? அப்படின்னா எனக்குக் கோயமுத்தூர்ல மூணு கடைன்னு ஒண்ணு எழுதிப் போடு புள்ள."

"சிரிக்காதீங்க," என்றாள் கனகமணி.

அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. மானியம் கொடுப்பவர்கள் ஒரு நாள் கட்டடத்தைப் பார்க்க வருவார்கள். பொறுப்பாளர்தான் பூட்டைத் திறந்து, முதலில் உள்ளே போய்க் காட்ட வேண்டும். இல்லையென்றால் மானியம் திரும்பிப் போகும், கட்டடத்தை இடித்து அங்கே கார் நிறுத்துமிடம் கட்டுவார்கள். இடித்தால் இடிக்கட்டும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதற்குள் ஹெர்பர்ட் இருந்தால்? அவள் அப்படித்தான் யோசித்தாள், நான் அப்படி யோசிக்க வைக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். உள்ளே போனால், வெளியே வர வேண்டும்.

5

இந்த இடத்தில் கனகமணி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு பயப்படுகிறவள் விடுப்பு போட்டுவிட்டுக் கோபிக்குப் போய்விட மாட்டாளா? அலுவலக விவரங்களைச் சரிபார்க்கவும் வேண்டியிருந்தது. பிப்ரவரி முதல் வாரம் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் பொறுமையாகப் படித்தார். "கவாத்து சரிங்க. எங்க ஊட்டுக்காரரு பருப்பு நிறுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஊகம்தான் என்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பட்டியலை நான் அங்கே முழுதாகப் பிரதி எடுத்திருந்தேன். அவர் விரல் நான்காவது வரிசையில் நின்றது.

பணிக்காலம்: 2017 முதல் 22.2.2018 வரை.

"இந்தத் தேதி ஆருங்க போட்டது?"*

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். முந்தின நாள் வந்தது. கள ஆய்வு நடைபெறும் நாள்: 22.2.2018.

"நான்தான்," என்றேன். "ஜனவரியிலேயே எழுதிட்டேன். இந்தக் கடிதம் எனக்குத் தெரியாது."

"எதுக்குங்க சார் போட்டீங்க?"

"கதைக்கு ஒரு தேதி வேணும்..."

"கதைக்குங்களா," என்றார். பிரதியை அடுக்கி, ஓரம் தட்டி, என் பக்கமாகத் தள்ளினார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

* முதலில் சொன்ன பெரிய திருட்டு இதுதான். அரசாணையில் அவர் பெயருக்கு எதிரே பணி முடியும் நாள் காலியாக இருந்தது. காலியாக இருந்த அந்த இடத்தில்தான் அவர் உயிரோடு இருந்தார். அதை நான் நிரப்பினேன்.

6

வீட்டுக்கு வந்ததும் தேதியைக் கோடு போட்டு அடித்தேன். பிறகு அவரைக் காப்பாற்ற உட்கார்ந்தேன்.

முடிவு (அ): அதிகாரி வருகிறார். கனகமணி திறந்து உள்ளே போகிறாள். வௌவால் ஒன்று பறக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கனகமணி வெளியே வ

முடிவு (ஆ): லிங்கசாமி, "ஏம்மா, நீ நில்லு, நான் போறேன்," என்கிறார். (அவர் சொல்ல மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.)

முடிவு (இ): அன்று காலை கனகமணிக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக வேறொருவர் சாவியை வாங்கிக்கொள்கிறார். பட்டியலில் நான்காவது வரிசை கனகமணிதான் என்பதால் அதிகாரி அவளை அழைத்துவரச் சொல்கிறார். அவள் வருகிறாள். உள்ளே போகிறாள். கொஞ்ச நேரத்தில் வெளியே

வெளியே என்ற சொல்லுக்குப் பிறகு எதை எழுதினாலும் நிற்கவில்லை. 'வந்தாள்' என்று ஏழு தரம் எழுதினேன். காலையில் எடுத்துப் பார்த்தால் வரி 'வெளியே' என்பதோடு முடிந்திருந்தது, மீதித் தாள் வெள்ளையாக இருந்தது. அடித்திருந்த தேதியின் மேல் கோட்டைக் காணோம். நான் குடிப்பதில்லை. தூக்கக் கலக்கம் என்று நீங்கள் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

7

22.2.2018, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. நல்ல வெயில்.

கனகமணி மழைபங்களா முற்றத்தில் தனியாக நின்றாள். லிங்கசாமி அதிகாரியை அழைத்துவர ஜீப்பில் போயிருந்தார். அவள் முன்னதாகவே பூட்டைத் திறந்துவிட்டாள். பழைய பூட்டு, ஆனாலும் எண்ணெய் போட்டதுபோல் சட்டென்று திறந்துகொண்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கதவு ஒரு சாண் விலகி நின்றது. உள்ளே தரையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம். யாரோ எழுதி முடித்துவிட்டு எழுந்ததுபோல, அல்லது இப்போதுதான் எழுத உட்கார்ந்ததுபோல.

"ஏனுங்க, ஆருங்க உள்ள?" என்றாள்.

கீழ் வளைவில் ஜீப் முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. பெரிய ஆசையொன்றும் அவளுக்கு இல்லை. மத்தியானம் கடைக்குப் போய், மாரப்பனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவன் கிண்டலைக் கேட்க வேண்டும். அவ்வளவு போதும்.

அப்போது அவள் திரும்பினாள். கதவுப் பக்கமும் இல்லை, சாலைப் பக்கமும் இல்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிற பக்கமாக.

"சார், அங்கதான நிக்கறீங்க?"

நான் அங்கே இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி என் அண்ணன் வீட்டு அடுக்களை மேசையில் இருந்தேன்.

"தேதி போட்டது நீங்கதானுங்க. நீங்களே போயிப் பாத்துட்டு வாங்க."

எனக்கு வேலை இருக்கிறது என்று எழுதலாம். நான் கதைசொல்லி, எனக்கு அங்கே இடமில்லை என்று எழுதலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எழுத முடியவில்லை. கேட்டது நியாயம்தானே.

8

உள்ளே சென்றேன்.

அறை வெளியிலிருந்து தெரிந்ததைவிடச் சின்னது. தூசி இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இந்தப் பக்கம் இன்னொன்று, விருந்தாளிக்குப் போட்டதுபோல் எனக்காகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. என் பேனா வெளியே, அடுக்களை மேசையில் கிடக்கிறது. கதவின் உட்பக்கத்தில் கைப்பிடி கிடையாது.

ஜீப் வந்து நிற்கிறது. செருப்புச் சத்தம். லிங்கசாமி குனிந்து பேசுவது கேட்கிறது. அதிகாரி ஒரு பெண், குரலில் நிறைய வேலை இருக்கிற களைப்பு.

"நீங்கதானா பொறுப்பாளர்? உள்ள யாராவது இருக்காங்களாம்மா?"

கனகமணி பதில் சொல்ல யோசிக்கிறாள். அவள் யோசிப்பது எனக்குப் புரிகிறது. ஆணை கேட்பது, உள்ளே போய்த் திரும்பாத ஒருவர். அப்படி ஒருவனாக நான் உள்ளே இருக்கிறேன். 'இல்லைங்க மேடம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணக்கு நேராகிவிடும், கதவைப் பூட்டிவிட்டு அவள் சோறு போடப் போகலாம். 'இருக்காருங்க' என்றால் அவர்கள் கதவைத் தள்ளுவார்கள், முதலில் அவள்தான் உள்ளே வர வேண்டும். அவள் கெட்டவள் இல்லை. நானும் அவளுக்குச் சொந்தக்காரன் இல்லை.

அவள் பதிலை நான் எழுத முடியாது. இங்கே எழுத எனக்கு ஒன்றுமில்லை, எதிர் நாற்காலியில் பதிவேட்டோடு இருப்பவர் தன் பேனாவைத் தருவதாகத் தெரியவில்லை. நீங்கள் வெளியே இருக்கிறீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். அவள் பக்கம் நின்று எழுதினாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன். எதுவானாலும் கொஞ்சம் சீக்கிரம், பூட்டு இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.