இடப்பக்கத்தில் இருப்பது

...கரைந்துவிடும் என்றுதானே சொன்னார், ஆமாம், அதே சொல்தான், "சிலருக்கு ரெண்டுல ஒண்ணு தானாவே கரைஞ்சுடும்மா", தண்ணீரில் போட்ட சர்க்கரையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார் ஸ்கேன் டாக்டர், அது போன தடவை, இன்று மறுபடி அதே நாற்காலி வரிசை, சுவரில் அதே பூச்சாடிப் படம், வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்த தண்ணீர் உள்ளே கல்லாகக் கனக்கிறது, கூப்பிடவும் மாட்டேன் என்கிறார்கள். இரண்டு கருவுக்கு இரண்டு பைகள், பெரியதில் துடிப்பு தெரிந்தது, சின்னதில் தெரியவில்லை, ரொம்பச் சின்னதாக இருப்பதால் தெரியாமல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம். இந்த 'லாம்' இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டாள், எப்படி வேலைக்குப் போய் வந்தாள்... கணவன் என்னவோ முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான். இரட்டை என்று தன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டான், படுக்கையறைச் சுவரை டேப் வைத்து அளந்து, அலமாரியை நகர்த்தினால் இரண்டு தொட்டிலும் நிற்கும் என்று முடிவும் செய்துவிட்டான். இன்றைக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "ரெண்டு பேரையும் கேட்டதா சொல்லு" என்று காலையில் கிளம்பும்போது சொன்னான், அவளும் சரி என்றாள், யாரிடம் சொல்வது, எத்தனை பேரிடம்...

பக்கத்து நாற்காலியில் தம்பி, வேன் ஓட்டுகிறவன், உட்கார்ந்தால் நாற்காலி முனகும் உடம்பு, பிஸ்கட் பாக்கெட்டைப் பாதி காலி பண்ணியிருந்தான். மாமாவுக்குப் பதில் நான் வருகிறேன் என்று அவனே கிளம்பி வந்தான், வந்ததிலிருந்து பேச்சு ஓயவில்லை, எதிரே இருந்த பெண்ணின் கணவனிடம் டயர் விலை வரை விசாரித்தாகிவிட்டது. "என்னக்கா, கணக்குப் பரீட்சைக்கு வந்த மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கே?" என்றான். தண்ணீர் முட்டுகிறது என்றாள். "எனக்குப் பசி முட்டுது. உன் பிள்ளைங்க பொறக்கறதுக்குள்ள நான் இளைச்சுடுவேன்." சிரிப்பு வந்தது, சிரித்தால் அடிவயிறு நோகும் என்று அடக்கிக்கொண்டாள். சிரிக்கலாமா இப்போது... சின்னதற்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த நேரத்தில் நாம் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று பிறகு தோன்றாதா?

மருந்துப் பெட்டி அட்டைகள் அச்சடிக்கும் இடத்தில் தாள் பார்ப்பது அவள் வேலை. நான்கு நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கின்றனவா, எழுத்தில் எங்காவது மை கசிந்திருக்கிறதா என்று, பூதக்கண்ணாடியைத் தாளின்மேல் கவிழ்த்து, ஒற்றைக் கண்ணால்... போன தடவை கொடுத்த ஸ்கேன் படத்தையும் அப்படித்தான் பார்த்தாள், சாப்பாட்டு வேளையில், மேஜையில் யாரும் இல்லாதபோது. சாம்பல் நிறக் குருணைகள், நடுவில் இரண்டு கருப்பு ஓட்டைகள், வலப்பக்கத்து ஓட்டையின் ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு வெள்ளை, அதுதான் சின்னது. சூடு பட்டால் வெளுத்துப்போகும் காகிதம் அது, விளக்கிலிருந்து தள்ளி வைத்து, தினமும் வலப்பக்கத்து ஓட்டையையே பார்த்தாள், அந்த நொய் நேற்றைவிடத் தேறியிருக்கிறதா என்று. அச்சடித்த படத்தில் எப்படித் தேறும், பைத்தியம், கூடத் தாள் பார்க்கும் பெண்ணுக்குத் தெரிந்தால் சிரிப்பாள்... ஆனாலும் பார்த்தாள். படுக்கும்போது வலக்கையை வலப்பக்கமே வைத்துக்கொண்டாள். குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, இரு, இரு, இருந்துவிடு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள், இன்னும் முகம்கூட வராத ஒன்றிடம்.

கூப்பிட்டுவிட்டார்கள். இருட்டறை, கட்டிலில் விரித்த காகிதம் முதுகின் கீழ் சரசரத்தது, வயிற்றில் தடவிய பசை சில்லென்று... டாக்டர் எதையோ அழுத்தினார், திரையில் சாம்பல் புயல், புயலுக்குள் ஒரு கருப்பு, டாக்டர் ஏதோ அளந்தார், எண்களை நர்ஸிடம் சொன்னார், இவளைப் பார்த்தும் ஏதோ சொன்னார், அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை, அடுத்தது, அடுத்தது, அங்கே போங்களேன்... கருவி வலப்பக்கம் நகர்ந்தது. நின்றது. டாக்டரின் கை அசையவில்லை. அசையாத கை என்றால் என்ன அர்த்தம், தேடுகிறாரா, கிடைத்துவிட்டதா, எப்படிச் சொல்வதென்று யோசிக்கிறாரா? நர்ஸ் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். மூச்சை விட்டால் படம் கலைந்துவிடும்போல் இருந்தது, பிடித்துக்கொண்டாள். திரையை மட்டும் பார்த்தாள், அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில், குருணை குருணையாக, அப்போது ஒரு குருணை அணைந்து எரிந்தது. இத்தனை வருஷம் அவள் அச்சுத் தாளில் பார்த்த புள்ளிகள் எல்லாம் வைத்த இடத்தில் கிடக்கிறவை. இது மினுங்கியது. மறுபடி. மறுபடி.

"இருக்கு" என்றார் டாக்டர். "கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு. வளர்ச்சியும் பின்தங்கித்தான் இருக்கு. இப்பவே எதுவும் சொல்ல முடியாது, இன்னும் ரெண்டு வாரம் போகட்டும். ஆனா இருக்கும்மா."

கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை, நர்ஸ்தான் டிஷ்யூ கொடுத்தாள். மெதுவாக இருந்தால் என்ன, மெதுவாகவே வரட்டும், யார் துரத்துகிறார்கள்... வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான், மரியாதைக்குக் கேட்பதுபோல, இன்னொன்று எப்படி இருக்கிறது என்று கேட்டாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அதான் முதல்லயே காட்டினேனே. அதுக்கென்ன, அது பாட்டுக்கு நல்லா வளருது." காட்டினாரா? எப்போது... இடப்பக்கத்தில் இருந்த அந்த முதல் கருப்பு. அதில் துடிப்பு எப்படி இருந்தது, வேகமாகவா, எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, ஒன்றும் நினைவில்லை, கண் திறந்தபடியே இருந்திருக்கிறது, பார்க்கவில்லை. இன்னொரு தடவை காட்டச் சொல்லலாமா? அடுத்தவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், நர்ஸ் கட்டிலுக்குப் புதுக் காகிதம் இழுத்துக்கொண்டிருந்தாள், அதற்குமேல் தண்ணீரும் பொறுக்காது, கழிப்பறைக்கு ஓடினாள்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது அந்தப் பேச்சு மட்டும் உள்ளே நின்றது, அது பாட்டுக்கு... அம்மாவின் பேச்சல்லவா அது? சின்ன வயதில் தம்பிக்கு மூச்சு இழுக்கும் நாட்களில் அம்மா அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவன் நெஞ்சு குழிவதையும் எழுவதையும் தவிர வேறெதையும் பார்க்கமாட்டாள், வந்தவர்கள் பெரியவள் எங்கே என்று கேட்டால், "அவளுக்கென்ன, அவ பாட்டுக்கு இருப்பா" என்பாள், அடுத்த அறையில் தானே தலை பின்னிக்கொண்டு, தானே பையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தவளுக்கு அது காதில் விழும், மெடல் குத்தியதுபோல் இருக்கும். பெருமையாகத்தான் இருந்தது. பெருமைதானா? அம்மாமேல் தப்பும் இல்லை, மூச்சுக்குத் திணறுகிற பிள்ளையை விட்டுவிட்டு வேறு எங்கே பார்ப்பாள்... இப்போது அவன் நாலாள் சாப்பாடு சாப்பிடுகிறான், மாடி ஏறினால் மட்டும் லேசாக விசில் கேட்கும்.

அவள் வெளியே வந்ததும் தம்பி எழுந்துவிட்டான். பிஸ்கட்டைக் காணோம். காலிப் பாக்கெட்டைக் கையில் மடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். "ரெண்டும் இருக்குடா" என்றாள். முகத்தை உள்ளங்கையால் ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டான், பிறகு, "சின்னது எப்படி இருக்கு?" என்றான். சொன்னாள், மெதுவாகத் துடிப்பதை, குருணை மினுங்கியதை, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரவேண்டியதை, எல்லாம் விவரமாக, லிஃப்ட் வரும்வரை சொன்னாள். லிஃப்ட் வந்தது. பெரியது எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்று கீழே இறங்குகிற வரைக்கும் அவள் பயந்துகொண்டிருந்தாள், ஏனென்றால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை.