அம்மா போன வாசல்

நஸ்ஸரேனோ சம்மட்டியை மறுபடி ஓங்கி இறக்கினான். வாசலை அடைத்திருந்த செங்கல் அசைந்து கொடுக்கவில்லை. கோட்டைக் கழற்றி, கூரையில்லாத அந்த வீட்டுக்குள் முளைத்திருந்த அத்திக்கிளையில் மாட்டினான்.

"அக்கா, ஒனக்கே இது நல்லாருக்கா? கீழ சர்ச்சுல எல்லாரும் காத்துக் கெடக்காங்க. பாதிரியார் என்னையத்தான் திட்டப் போறாரு."

"திட்டட்டும். அப்பாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள் எர்சீலியா.

மலை சரிந்ததும் ஊரே கீழே குடிபோனது அவர்கள் பிறப்பதற்கு முன்பு. அவர்களின் அப்பா ஓரெஸ்தே மட்டும் பாதி மனசை இங்கேயே விட்டிருந்தார். பின்சுவரில் இருக்கும் இந்தக் குறுகல் வாசலில் உயிருள்ளவர்கள் கால் வைப்பதில்லை. சாவு விழுந்தால் செங்கலைப் பெயர்த்துப் பெட்டியை வெளியே அனுப்பிவிட்டு, அன்றைக்கே அடைத்துவிடுவார்கள். "என்னையும் எங்கம்மா போன வாசல்லயே அனுப்பிருமா" என்று ஆஸ்பத்திரியில் அவள் கையை விடாமல் கேட்டார்.

சவவண்டிக்காரர் துல்லியோவும் அவர் மகனும் பெட்டியருகே மூச்சு வாங்கினார்கள். "கண்ண மூடினப்புறமும் வேலை வாங்குறாருய்யா ஒங்கப்பாரு."

அடுத்த அடியில் செங்கற்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்தன. விழுந்த சத்தமே கேட்கவில்லை.

வெளியே தெரு இல்லை. எதிர்வீடுகளும் இல்லை. வாசற்படிக்குக் கீழே மலை அப்படியே அறுந்து இறங்கியிருந்தது. வெகு ஆழத்தில் ஆறு, அதற்கப்பால் கோதுமை வயல்கள், மலைக்குப் பின்னால் மலையாக வானம் வரைக்கும். ஒரு பருந்து அவர்கள் காலுக்குக் கீழே வட்டமிட்டது. எர்சீலியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா, இவ்வளவு பெரிய வாசலா உங்களுக்கு!

அப்புறம்தான் அழுகை வந்தது. வாக்கை எப்படிக் காப்பாற்றுவது?

"தூக்கிட்டுப் போயிரலாமாம்மா?" துல்லியோ மெதுவாகக் கேட்டார்.

"இல்ல. கால்பக்கம் ஒரு சாண் வெளிய போகட்டும். அவரு போயிருவாரு. மிச்சத்த நாம முன்வாசல் வழியா எடுத்துட்டுப் போலாம்."

தம்பி சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் குனிந்து பெட்டியைப் பிடித்தான். நான்கு பேரும் மெல்லத் தள்ளினார்கள். பெட்டியின் கால்மாடு வாசலைத் தாண்டியதும் அதன்மேல் வெயில் விழுந்தது. மலர்வளையத்தின் நாடா காற்றில் படபடத்தது.

"போதும்மா, இழுத்துரலாம்" என்றார் துல்லியோ.

"இருங்க" என்றான் நஸ்ஸரேனோ. "இன்னுங் கொஞ்ச நேரம்."

யாரும் கையை எடுக்கவில்லை.